அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்கு இரகசியக் கொடுப்பனவு: தண்டிக்கப்பட்டது யார்?

அமெரிக்காவில் ‘ஃபுட்போல்’ என்பது எங்கள் ஊர் மைதானங்களில் ஆடப்படும் உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி, எதிரணியினரை மோதி வீழ்த்தி ஆடும், றக்பிக்கு நெருக்கமான ஆட்டம். பல்கலைக்கழக அணிகள் மோதும்போதே சில அரங்குகளில் 80,000 பேருக்கு மேல் கூடுகிறார்கள். தொலைக்காட்சி உரிமங்களால் பெரும் பணம் வருகிறது. பயிற்றுவிப்பாளர்கள் மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்குகிறார்கள்.

ஆனால், ஆடும் இளைஞருக்குப் பல தசாப்தங்களாகக் கிடைத்தது புலமைப்பரிசில் மட்டுமே. அதற்கு மேல் ஏதாவது வாங்கினால் அது விதிமீறல்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1950களில் இருக்கிறது. 1955இல் கொலராடோவில் கல்லூரி வீரர் ஒருவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளருக்குரிய நட்டஈட்டைக் கேட்டார். அவர் ஊழியர் அல்ல என்று கூறி, அம்மாநில உயர் நீதிமன்றம் 1957இல் கோரிக்கையை நிராகரித்தது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல்லைப் பரப்பியதும் இக்காலத்தில்தான். மாணவர் என்றால் சம்பளமும் இல்லை, நட்டஈடும் இல்லை.

சம்பளம் தடுக்கப்பட்ட இடத்தில் இரகசியப் பணம் நுழைந்தது. மிகப் பிரபலமான உதாரணம், டலாஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். 1985இல் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டிருந்த அந்த அணியில் பணம் கொடுப்பது நிற்கவில்லை என்பதை 1986இல் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையமொன்று அம்பலப்படுத்தியது. விசாரணையில், 13 வீரர்களுக்கு ஏறத்தாழ 61,000 டொலர் வழங்கப்பட்டது தெரியவந்தது. பணம் அணியின் வசதிபடைத்த ஆதரவாளர் ஒருவருடையது. 1987 பெப்ரவரியில் அணியின் அந்த ஆண்டுக்கான ஆட்டங்கள் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. இரத்துச் செய்தது. விளையாட்டுலகம் இதை ‘மரண தண்டனை’ என்று அழைத்தது.

சில நாட்களில் இன்னொரு உண்மை வெளிவந்தது. பல்கலைக்கழக ஆளுகைச் சபையின் தலைவராக இருந்து, பின்னர் டெக்சாஸ் மாநில ஆளுநரான பில் கிளெமென்ட்ஸ், கொடுப்பனவுகள் தொடர்வதற்குத் தானும் சம்மதித்ததாக ஒப்புக்கொண்டார். அணி கலைந்தது, வீரர்கள் வேறு கல்லூரிகளைத் தேடிப் போனார்கள். அவரோ 1991 வரை ஆளுநர் பதவியில் இருந்தார்.

2010இல் இதே கதை வேறு வடிவில் வந்தது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக வீரர் ரெஜி புஷ்ஷும் குடும்பத்தினரும் பணமும் சலுகைகளும் பெற்றதாக என்.சி.ஏ.ஏ. முடிவு செய்தது. 2005இன் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை அவர் கைவிட நேர்ந்தது.

பிறகு விதியே மாறியது. 2021 யூலை முதல், வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2024இல் புஷ்ஷுக்கு விருது திரும்பக் கிடைத்தது. 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கப்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதலாவது ஆண்டில் 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுக்கு நேரடியாகவே வழங்கலாம். நேற்றுக் குற்றமாக இருந்தது இன்று ஒப்பந்தம்.

ஆகவே, இத்தகைய குற்றச்சாட்டு எழும்போது, வாங்கியவர் யார் என்பதோடு நின்றுவிட முடியாது. விதியை எழுதியவர் யார், தெரிந்தே கொடுத்தவர் யார், இலாபம் யாருக்குப் போனது என்றும் கேட்க வேண்டும்.

அந்த 2025 இணக்கப்பாடும் வீரர்களை ஊழியர்களாக்கவில்லை. கொலராடோவில் கணவனை இழந்த பெண் எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது.