ஒரே கிணறு, இரண்டு தண்ணீர்

சுற்றிலும் நீர். ஆனால் வல்லார்பாடத்தின் கிணறுகளை மாதம் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

கொச்சியை ஒட்டிய வல்லார்பாடம் தீவை 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் எர்ணாகுளத்துடன் இணைத்தன. 2011-ல் சர்வதேச கன்டெய்னர் முனையமும் வந்தது. மாறாதது ஒன்றுதான்: தீவின் நிலத்தடி நீருக்கும் உப்புக்கும் உள்ள பழைய தகராறு.

காரணம் மண். ஆறும் கடலும் குவித்த மணல், வண்டல், களிமண்ணாலான தீவு இது. மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கனமான உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. சீரான மணலுக்கு நிலவியலாளர்கள் சொல்லும் கணக்கு சுவாரசியமானது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால்? உப்பு 4 மீட்டர் மேலேறிவிடும். 'இன்னும் ஆழமாகத் தோண்டு' என்ற அறிவுரை இங்கே ஆபத்தானது.

இந்த ஏற்ற இறக்கத்தை நடத்துவது பருவங்கள். வட்டாரத்தின் பொக்காளி வயல்களே இதற்கு நாட்காட்டி. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவியதும் நெல். மழை ஓய்ந்து கடல்நீர் காயலுக்குள் ஏறியதும் இறால். கிணறுகளும் அதே தாளத்துக்கு ஆடுகின்றன. ஆகஸ்டில் இனிக்கும் நீர், ஏப்ரலில் கரிக்கக்கூடும்.

இனித்தால் பயமில்லையா? அங்கேதான் சிக்கல். மழைக்காலத்தில் நீர்மட்டம் தரையை நெருங்குகிறது. பக்கத்திலுள்ள கழிவுத் தொட்டியின் கசிவு, வடிகட்டப் போதிய மண் இல்லாமல் கிணற்றை எட்டுகிறது. உப்பை நாக்கு கண்டுபிடிக்கும், கிருமியைக் கண்டுபிடிக்காது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லையென்றால் 1,000 வரை. மலக்கிருமிகளோ 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும்.

தமிழகத்திலும் நிலம்தான் நீரின் குணத்தை முடிவு செய்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கடினப் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் பாதித்தது. 2013-ல் ஒகேனக்கல் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருந்தது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் குற்றவாளி மோட்டார்: அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது.

கொச்சிக்கு ஆலுவாவில் எடுக்கும் பெரியாற்று நீர்தான் முக்கிய ஆதாரம். ஆனால் கோடையில் உப்பு அந்த ஆற்றிலும் ஏறப் பார்க்கிறது. பாதாளத்தில் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு நாள் எடுத்த பரிசோதனைச் சீட்டு ஆண்டு முழுவதற்கும் நற்சான்றிதழ் ஆகாது. கோடை முடிவில் உப்புக்காக ஒன்று, மழை நடுவில் கிருமிக்காக ஒன்று என இரண்டு பரிசோதனைகளாவது தேவை. கூரை மழைநீரைத் தொட்டியில் சேமித்தால் கோடையில் கிணற்றின் சுமை குறையும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் அதற்குக்கூடப் பஞ்சம் என்றால், பழியை வானத்தின்மேல் போட முடியாது.