உமிழ்நீரால் கூடு சமைக்கும் குருவி

மாலை வேளையில் வேலூர்க் கோட்டை மதிலின் மேல் வட்டமிடும் உழவாரக் குருவிகளை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். பனையோலையின் அடியில் இறகுகளை உமிழ்நீரால் ஒட்டிக் குடியிருக்கும் பனையுழவாரனும் அவ்வினமே. இவற்றின் உறவினமொன்று அந்தமான் தீவுகளில், காட்டினூடேயுள்ள சுண்ணாம்புக் குகைகளில் வாழ்கின்றது. அதன் வரலாறு ஈண்டுச் சுருங்கக் கூறப்படும்.

இக்குருவி அரைச் சாணுக்குச் சற்று மிகுந்த நீளமுடையது. கால்கள் மிகச் சிறியவையாதலின் கிளையில் அமரமாட்டாது. பாறையைப் பற்றித் தொங்கவே வல்லது. பகலெல்லாம் வானிற் பறந்தே பூச்சிகளை உண்ணும். இருண்ட குகைக்குள்ளோ, தான் எழுப்பும் ஒலி பாறையில் மோதித் திரும்புவதைக் கேட்டு வழியறியும். வௌவாலின் ஒலி நம் செவிக்கு எட்டாது. இதன் 'டிக் டிக்' ஒலி நமக்கும் நன்கு கேட்கும்.

கூடு கட்ட இதற்குப் புல்லும் வேண்டா, மண்ணும் வேண்டா. தன் உமிழ்நீரையே இழை இழையாகப் பாறையிற் பூசி, ஒரு மாதத்திற்கு மேல் உழைத்து, பாதிக் கிண்ணம் போன்ற வெண்ணிறக் கூட்டை முடிக்கும். அதில் இரண்டு முட்டையிடும். அவ்வுழைப்பே அதற்குக் கேடாயிற்று. சீனர் இக்கூட்டை இரசமாக்கி உண்பர். உடலுக்கு உரமென்பது அவர் நம்பிக்கை. ஒரு கிலோ எடைக்கு நூறு கூடுகளேனும் வேண்டும். தோல் வாணிகத்தால் வாழும் நம் ஊரார்க்குக் கடல்கடந்த விலையின் வலிமையை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கூடு முற்றுமுன்னே அதனைப் பெயர்த்தனர். முட்டைகளும் குஞ்சுகளும் தரையில் வீழ்ந்தன.

கோயம்புத்தூரை அடுத்த ஆனைக்கட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் நிலையத்தைச் சார்ந்த ரவி சங்கரன், 1995 முதல் 1997 வரை குகை குகையாகச் சென்று ஆராய்ந்தார். பத்தாண்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குறைந்தன என்று கண்டார். தடைச் சட்டம் ஒன்றே போதும் என்பாருடன் அவர் உடன்படவில்லை. காட்டின் நடுவே நூற்றுக்கணக்கான குகைகளுக்குக் காவலர் எங்ஙனம் போதுவர்? அவர் கூடு திருடியவரையே காவலராக்கினார்! வடக்கு அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளில், இனப்பெருக்கக் காலம் முழுதும் அவர்கள் வாயிலில் தங்கிக் காத்தனர். குஞ்சுகள் பறந்தபின் வெறுங்கூட்டை எடுத்து விற்கலாம். குருவி மறுபருவத்தில் வேறு கட்டிக்கொள்ளும். குருவி பெருகினால் தமக்கும் வருவாய் பெருகும் என்பதே அவர்கட்குக் காட்டப்பட்ட வழி.

மற்றொரு முயற்சியும் உண்டு. அத்தீவுகளில் மனிதர் கட்டடங்களிற் கூடு கட்டும் வெண்வயிற்று உழவாரனின் கூட்டில் இதன் முட்டைகளை வைத்தனர். வீட்டிற் பொரித்த குஞ்சு வீட்டிற்கே மீளும் என்பது கருத்து.

சங்கரன் 2009 ஆம் ஆண்டு ஜனவரியில் இளவயதிலேயே காலமானார். காவலிருந்த குகைகளில் குருவிகளின் தொகை அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது.