கழுத்து நோவும் அதன் மறைகாரணங்களும்

மருதமுனையில் கைத்தறியின் முன் நாள் முழுவதும் குனிந்திருக்கும் நெசவாளரும், கல்முனைக் கரையில் கரைவலை இழுக்கும் மீனவரும், சம்மாந்துறை வயல்களில் நெல்மூட்டை சுமக்கும் தொழிலாளரும் ஏதோ ஒரு நாளிற் கழுத்து நோவால் வருந்தியே இருப்பர். தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுப்பதற்காக முகத்தை வலப்புறமும் இடப்புறமும் திருப்பும்போதுதான், கழுத்து திரும்ப மறுக்கிறது என்பது பலருக்குத் தெரிய வருகிறது. உடனே காரணமும் கூறப்பட்டுவிடும். தலையணையின் உயரம், இரவுக் குளிர், தலைச்சுமை, இந்நாளிற் கைத்தொலைபேசி என்பனவற்றுள் ஒன்று குற்றவாளியாகும். எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பதோடு விசாரணையும் முடிந்துவிடும்.

பெரும்பாலும் இத்தீர்ப்புப் பிழையானதன்று. தசைகள் இறுகுவதாலும் மூட்டுகள் தேய்வதாலும் உண்டாகும் நோவே மிகுதி. அது சில நாட்களில், அல்லது சில வாரங்களில், தானே தணிந்துவிடும். வெந்நீர் ஒத்தடமும் மெல்லிய அசைவும் அதற்குப் போதும். நீண்ட நாள் படுத்தே இருப்பது நன்மை தராது. ஆனால் சிலரிடத்து நோவு கழுத்தில் இருக்க, நோய் வேறிடத்தில் இருக்கும். அதை அறிவதற்கு நோவின் கடுமையை மட்டும் பார்த்தாற் போதாது. நோவோடு கூட வரும் துணைக்குறிகளையே பார்த்தல் வேண்டும்.

கழுத்து ஓர் ஒடுங்கிய பாலம் போன்றது. ஏறக்குறைய 5 கிலோ நிறையுள்ள தலையை 7 என்புகள் தாங்கி நிற்கின்றன. அவற்றின் நடுவே முண்ணாண் இறங்குகிறது. மேலுள்ள 6 என்புகளின் பக்கத் துவாரங்களினூடாக, மூளையின் பின்பகுதிக்குக் குருதி கொண்டு செல்லும் இரண்டு நாடிகள் ஏறுகின்றன. இத்தனையும் ஒரு சிறு வெளியில் அடங்கியிருப்பதனாலேயே கழுத்து நோவுக்குக் காரணங்கள் பலவாகின்றன.

முதலாவதாக, இதயத்தை எடுத்துக்கொள்ளலாம். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும், கழுத்து, தோள், தாடை ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் மூளைக்குச் செய்தி அனுப்பும் வழியில் ஒன்று கலக்கின்றன. ஆகவே இதயத்தின் துன்பத்தை மூளை கழுத்தின் துன்பமாக உணர்வதுண்டு. கச்சான் காற்றை எதிர்த்து மிதிவண்டி மிதிக்கும்போது கழுத்திலும் தாடையிலும் ஓர் இறுக்கம் தோன்றி, இறங்கி நின்றதும் அது தணியுமாயின், குற்றம் தலையணையில் இல்லை. தசைநோவு கழுத்தைத் திருப்பும்போது மிகும்; இதயநோவு பெரும்பாலும் உடல் உழைக்கும்போது மிகும். மக்கள் சீனி வருத்தம் என்று அழைக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியோருக்கும் மாரடைப்பு சில வேளைகளில் நெஞ்சுநோவின்றியே வருகிறது. வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் ஆகியன கூடவே வருமாயின் ஒரு நிமிடமும் தாமதித்தலாகாது.

இரண்டாவது காரணம், பலர் மருந்தென்று எண்ணும் ஒரு செயலிலேயே மறைந்திருக்கிறது. சலூனில் முடி திருத்தியபின் தலையைப் பிடித்துச் சடுதியாகத் திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கத்தைப் பலர் விரும்புகின்றனர். அத்தகைய திருப்பத்தினால், அரிதாகவேனும், கழுத்து நாடியின் உட்படலம் கிழிந்துவிடக்கூடும். கிழிந்த இடத்தில் உறையும் குருதி மூளைக்குச் சென்று அடைக்குமாயின் பாரிசவாதம் உண்டாகும். இளவயதினரும் இதற்கு விலக்கல்லர். முன் ஒருபோதும் அறியாத நோவு கழுத்தின் ஒரு பக்கத்திலோ பிடரியிலோ தோன்றி, அதனுடன் தலைச்சுற்று, இரட்டைப் பார்வை, நாக்குழறல், நடைத் தள்ளாட்டம் ஆகியன வருமாயின் அதுவே அபாய அறிவிப்பு. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்க்கும் நேரம் அந்தக் கணக்கிலிருந்தே கழிகிறது.

மூன்றாவது காரணம் ஓசையின்றி வருவது. தேய்ந்த என்பும் பிதுங்கிய வட்டும் முண்ணாணை மெல்ல நெருக்கும்போது, கழுத்தில் நோவு சிறிதாகவே இருக்கலாம். சிலருக்கு இல்லாமலும் போகலாம். ஆனால் நெசவாளரின் விரல் அறுந்த நூலை முடியத் தடுமாறும். சட்டைப் பொத்தான் பூட்டுவது கடினமாகும். நடை தளரும். குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி தோன்றும். இதனை முதுமை என்று ஒதுக்கிவிடுவது பெருந்தவறு. காலத்தோடு கண்டறிந்தால் மேலும் நலிவதைத் தடுக்கலாம். இழந்துவிட்ட வலுவை முற்றாக மீட்பதோ எளிதன்று.

அடுத்தது தொற்று. காய்ச்சல், கடுந்தலையிடி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை ஆகியவற்றுடன் நாடி நெஞ்சைத் தொடாதவாறு கழுத்து விறைத்திருந்தால், அது மூளையுறை அழற்சியாக இருக்கக்கூடும். இது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்க வல்லது. காசநோயோ இதற்கு மாறாக மாதக்கணக்கில் என்பை அரிக்கும். முள்ளந்தண்டைப் பற்றும் அந்நோயை ஆங்கில வைத்தியர் பேர்சிவல் பொட் 1779ஆம் ஆண்டில் விவரித்தார். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, ஓய்விலும் தணியாத நோவு ஆகியன அதன் குறிகள். இலங்கையில் காசநோய்க்கு அரசாங்கச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. முன்பு புற்றுநோய் கண்டவர்களுக்கு இத்தகைய நோவு வரின் அவர்களும் விரைவில் வைத்தியரைக் காணவேண்டும்.

இன்னுமொரு காரணம் வீட்டாரைத் திகைக்கச் செய்வது. வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் சில மருந்துகள், சிறப்பாக இளையோரிடத்து, கழுத்தை ஒரு புறமாக முறுக்கிக் கண்களை மேலே செருகச் செய்வதுண்டு. கண்ணூறு என்றும் ஜின் என்றும் அஞ்சி ஓதிப்பார்க்க முனைவோர் உளர். ஓதுதல் மன ஆறுதல் தரும். ஆயினும் உட்கொண்ட மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. பெரும்பாலும் ஓர் ஊசிமருந்தில் இது விரைவிலேயே தணிந்துவிடும்.

விழுந்தோ, மோட்டார் சைக்கிள் விபத்திலோ கழுத்து அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைத்தலும், கழுத்தைத் திருப்பிப் பார்த்தலும் கூடாது. தலையை அசையாது தாங்கிப்பிடித்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வண்டி வரும். மேற்கூறிய மற்றைய அவசரக் குறிகளுக்கும் இதுவே வழி. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உண்டு; சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அவசரக் குறி எதுவுமில்லாத நோவும் ஆறு வாரங்களில் தணியாவிடினும், கைக்கு இறங்கி விரல்கள் மரத்துப் போயினும், வைத்தியரிடம் காட்டவேண்டும்.

அவ்வாறு செல்வோர் “கழுத்து நோகிறது” என்பதோடு நிறுத்திவிடலாகாது. நோவு எப்போது தொடங்கியது, எதனால் மிகுகிறது, எதனால் தணிகிறது, கூடவே வேறென்ன தோன்றியது, அண்மையில் எந்த மருந்து உட்கொள்ளப்பட்டது, கழுத்தை எவரேனும் முறித்துவிட்டனரா என்பவற்றையும் சொல்லவேண்டும். நோய் எங்கேயுள்ளது என்பதை வைத்தியர் தேடத் தொடங்குவது அந்த விடைகளிலிருந்தே.