14 வளைவு, 14 பெயர்!

குழந்தைகளே, வேலப்பன்சாவடியில் லாரியும் பஸ்ஸும் மேற்கே பறக்கும் சாலை இருக்கிறதே, அது எங்கே போகிறது தெரியுமா? பெங்களூருக்கு! அதே சாலையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டிப் பிரிந்தால் ஏலகிரி மலை.

மலையில் நேராகச் சாலை போட்டால் செங்குத்தாகிவிடும், வண்டி ஏறாது. அதனால் 14 இடங்களில் கொண்டை ஊசி போல வளைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர். திருவள்ளுவர், ஔவையார், பாரதியார் எனப் புலவர்கள் ஏழு பேர். முல்லைக்குத் தேர் தந்த பாரி, மயிலுக்குப் போர்வை தந்த பேகன் என வள்ளல்கள் ஏழு பேர்.

போகும்போது தூங்காமல் பெயர்ப் பலகைகளைப் படியுங்கள். திரும்பும்போது, எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடச் சொல்லுங்கள். அதுதான் மலைச் சாலை விதி. தேரையே கொடுத்த வள்ளலின் வளைவில், நாம் வழியாவது கொடுக்க வேண்டாமா?