பக்கவாதம்: டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீடு தேடி வரும் செவிலியர்!

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பக்கவாதத்துக்குச் சிகிச்சை முடிந்து, வள்ளியூருக்குத் திரும்பியதும் நோயாளியின் சாப்பாடு, மாத்திரை, படுக்கை எல்லாமே குடும்பத்தின் பொறுப்பு. இதில் கைகொடுக்கிறது, 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவரைச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வந்து பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.

செவிலியரிடம் இவற்றைச் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்:

* நிமிர்த்தி உட்காரவைத்தே உணவு, தண்ணீர் கொடுங்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

* இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், படுக்கைப்புண்ணைத் தடுக்கலாம்.

* செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு பாதிக்கப்படும்.

* ‘நல்லாயிட்டாரே’ என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். மீண்டும் பக்கவாதம் தாக்கலாம்.

வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்!