மூட்டைப்பூச்சிக்குச் சாதி தெரியாது

ராஜபாளையத்தில் நூற்பாலைக்கு இரவு ஷிப்ட் போகும் அக்கா ஒருவர் என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை வரிசையாகத் தடிப்புகள். சொறிந்து சொறிந்து சில இடங்களில் புண்ணாகிவிட்டது.

“ராத்திரி பூரா மில்லுல நிக்கேன் தம்பி. பகல்லதான் தூங்கணும். படுத்த அரை மணி நேரத்துல எந்திரிச்சு உக்காந்துர்றேன். பாயை மாத்தியாச்சு. கட்டிலைத் தெருவுல போட்டாச்சு. இது செவுத்துல இருந்துல்ல வருது!”

ஆறு வீடுகள் ஒட்டினாற்போல் இருக்கும் லைன் வீடு அது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். பூச்சு உதிர்ந்த விரிசல்களில் மூட்டைப்பூச்சி குடும்பம் நடத்துகிறது.

“வீட்டுக்காரர்ட்ட சொன்னீங்களாக்கா?”

“சொன்னா, நீங்கதான் கொண்டு வந்தீகம்பாக. காலி பண்ணும்பாக. இந்த வீடு கிடைக்கவே நாலு மாசம் அலைஞ்சேன். அப்புறம் நமக்கு யாரு குடுப்பா?”

அந்த “நமக்கு” என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு மூட்டைப்பூச்சி ஒரு தொல்லை. நமக்கு அது ஒரு குற்றச்சாட்டு.

நான் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு நண்பர்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கினேன். வீட்டுக்காரர் முதலில் கேட்டது “எந்த ஊரு?” அடுத்துக் கேட்டது “ஊர்ல எந்தத் தெரு?” இரண்டாவது கேள்விக்கு நண்பன் மழுப்பலாக ஏதோ சொல்லி வைத்தான். மூன்றாம் மாதம் உண்மை தெரிந்துவிட்டது. அதே சமயம் நாங்கள் மூட்டைப்பூச்சி பற்றிச் சொல்லப் போனோம். “நீங்க வந்த பிறகுதானய்யா இதெல்லாம் வருது” என்றார். பதில் பேசாமல் பெட்டியைக் கட்டினோம். முன்பணம் திரும்பி வரவில்லை. அன்றைக்கு எனக்கு நன்னூல் தெரியும், சட்டம் தெரியாது.

அழுக்கா காரணம்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தின்று வாழ்வதில்லை, ரத்தத்தைக் குடித்து வாழ்கிறது. பையில், பழைய மெத்தையில், பேருந்து இருக்கையில் தொற்றிக்கொண்டு வரும். மாளிகைக்கும் போகும், குடிசைக்கும் போகும். 2023-இல் பாரிஸ் நகரமே இந்தப் பூச்சியால் அலறியது. அங்கே யாரும் அடுத்தவரின் தெருப் பெயரைக் கேட்கவில்லை. வாடகைக்கு விடும் வீட்டில் பூச்சித் தொல்லை இருக்கக் கூடாது என்று பிரான்ஸில் 2018-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் புதிதாகக் குடிவருபவரிடம், கடந்த ஓராண்டில் அந்த வீட்டில் மூட்டைப்பூச்சி இருந்ததா என்று உரிமையாளர் எழுதித் தர வேண்டும்.

லைன் வீட்டில் ஒருவர் மட்டும் மருந்தடித்தால் பூச்சி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு திரும்பி வரும். முட்டை பொரிந்து வரும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். விரிசலை அடைக்காமல் அடிக்கும் மருந்து வீண். ஆக, இது ஒரு குடும்பம் தனியாகத் தீர்க்கிற சங்கதி அல்ல. கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான புதிய சட்டம் நிறைவேறியது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறங்களுக்கு இது பொருந்தும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மட்டுமல்ல, சேத்தூர், செட்டியார்பட்டி, மம்சாபுரம் பேரூராட்சிகளிலும் செல்லும்.

இந்தச் சட்டத்தில் பூச்சி என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. ஆனால் பின்னிணைப்பில் யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. கட்டிடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. சாக்கடை அடைப்பு எடுப்பது, கொசுவலை மாற்றுவது, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு.

இதில் நமக்கு ஒரு வழி இருக்கிறது. மனுவில் பூச்சியைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள், சுவரைப் பற்றி எழுதுங்கள். மூட்டைப்பூச்சி இருப்பது சுவர் விரிசலில். எலி வருவது உடைந்த தரை வழியாக. கரையான் அரிப்பது நிலைக்கதவை. இவை எல்லாம் கட்டிடப் பழுது. அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உரிமையாளர் தன் பொறுப்பில் உள்ள பழுதைப் பார்க்க மறுத்தால், நீங்களே செய்துவிட்டு, செலவை அடுத்த மாத வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுதிக் கேட்டும் அவர் செய்யாதபோது, 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. துண்டித்தால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். நம் இரு தாலுகாக்களுக்கும் சிவகாசி கோட்ட வருவாய் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் போட்டு, அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை. நம்மில் பெரும்பாலோர் வாய்ப் பேச்சில் குடியிருக்கிறோம். ஒப்பந்தம் இல்லாததையே காரணமாக்கி, காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வழக்குப் போடவும் இடமுண்டு. எனவே புதிதாக வீடு எடுப்பவர்கள், குறிப்பாக அறை எடுக்கும் மாணவர்கள், சாவி வாங்கும்போதே ஒப்பந்தமும் கேளுங்கள். வாடகையை ரசீதுடனோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை.

கிராம ஊராட்சிகளில் இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. அதன் 108-ஆம் பிரிவின்படி, பார்வைக்குத் தெரியாத பெரிய குறையைத் தெரிந்தே மறைத்து வாடகைக்கு விடக் கூடாது. தான் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் உரிமையாளர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். உடல்நலத்துக்குக் கேடான நிலையில் ஒரு கட்டிடம் இருந்தால் அதைச் சரிசெய்ய உத்தரவிடும் அதிகாரம் 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது. சுகாதார ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள்.

சாதியைச் சொன்னால்?

வீட்டுக்காரர் பலர் முன்னிலையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால், அது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியிருக்கிறது. ஆகவே யார் இருந்தார்கள், என்ன தேதி, என்ன சொல் என்று அன்றைக்கே குறித்து வையுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

மருந்தில் கவனம்

பருத்திக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கொதிநீர் ஊற்றுவதும், துணிகளைக் கொதிநீரில் துவைத்துக் கடும் வெயிலில் காயப்போடுவதும் ஆபத்தில்லாத வழிகள். மருந்துதான் என்றால், பழக்கப்பட்ட ஆளை வைத்து ஆறு வீட்டுக்கும் ஒரே நாளில் அடிக்க வேண்டும்.

ஆறு கையெழுத்து

அக்காவின் வளவில் ஆறு குடும்பங்களையும் உட்கார வைத்துப் பேசினோம். இரண்டு குடும்பங்கள் நம் ஆட்கள் இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் அதே தடிப்பு. இத்தனை நாளும் ஒருவர் மற்றவரிடம் மறைத்து வைத்திருந்தார்கள். தனியாகக் கேட்டால் ஒருவரைக் காலி செய்யச் சொல்லலாம். ஆறு பேரையும் ஒரே நாளில் வெளியே அனுப்ப எந்த வீட்டுக்காரரும் யோசிப்பார்.

கடிதத்தை அக்காவின் மகள் எழுதினாள். பிளஸ் டூ படிக்கிறாள்.

“ஐயா, நாங்கள் தங்கள் வீடுகளில் குடியிருந்து மாதாமாதம் வாடகை செலுத்தி வருகிறோம். ஆறு வீடுகளின் சுவர்களிலும் விரிசல் விழுந்து, அவற்றில் மூட்டைப்பூச்சிகள் பெருகியுள்ளன. புகைப்படங்கள் இணைத்துள்ளோம். சுவர்களைப் பூசி, வெள்ளையடித்து, ஆறு வீடுகளுக்கும் ஒருசேர மருந்தடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். 15 நாட்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.”

ஆறு கையெழுத்து. பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான சான்று வரும்படி அஞ்சலில் அனுப்பினோம். சான்று வந்துவிட்டது. அக்கா அதை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

கொத்தனார் இன்னும் வரவில்லை. ஆனால் வீட்டுக்காரர் வந்தார். வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். “நீங்கதான் கொண்டு வந்தீக” என்று சொல்லவில்லை. “பூச எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

15 நாள் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அக்காவின் மகள் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.