பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

சென்னை ரிப்பன் மாளிகையைக் கட்டிய ஒப்பந்ததாரர் லோகநாத முதலியார். 1913இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு ஆன செலவு ஏழரை லட்சம் ரூபாய். நூறு வருஷம் தாண்டியும் கட்டியவர் பெயரும் தொகையும் நமக்குத் தெரிகின்றன. இப்போது உங்கள் தெருமுனைப் பூங்காவுக்கு வாருங்கள். அதைப் பராமரிப்பது மாநகராட்சி ஊழியரா, ஒப்பந்ததாரரா, தத்தெடுத்த நிறுவனமா? மாதம் எவ்வளவு செலவாகிறது? ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது? தினமும் காலையில் அங்கே எட்டு சுற்று நடப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. தெரிந்துகொள்ள வாசலில் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

எழுதி வைக்கப்பட்டிருப்பது வேறு ஒன்று. நுழைவாயிலில் கருங்கல் பலகை. திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் எனப் பெயர்கள் பதவி வரிசைப்படி. சில இடங்களில் மதிப்பீட்டுத் தொகையும் இருக்கும். அந்தத் தேதியோடு பூங்காவின் பொதுக் கணக்கு முடிந்துவிடுகிறது. உண்மையான செலவு மறுநாள் காலையில், முதல் குடம் தண்ணீரோடுதான் ஆரம்பிக்கிறது.

ரிப்பன் மாளிகை நிற்கும் இடமே ஒரு காலத்தில் பூங்கா. சார்லஸ் டிரெவெலியன் சென்னை ஆளுநராக இருந்தபோது உருவான பீப்பிள்ஸ் பார்க், 116 ஏக்கர். குளங்கள், பாண்டு வாத்திய மேடை, விலங்குக் காட்சிச்சாலை எல்லாம் அதற்குள் இருந்தன. பிறகு விக்டோரியா பொதுமன்றம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, மாநகராட்சித் தலைமையகம் வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. விலங்குகள் 1985இல் வண்டலூருக்குப் போயின. அதே வருஷம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அந்தந்தக் காலத்தில் நியாயமான காரணம் சொல்லப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் மை லேடீஸ் பூங்கா போன்ற சில துண்டுகள். 116 ஏக்கரும் யாரும் களவாடிப் போனதல்ல. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுக்கும்போது, போனது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மக்களிடம் கணக்குச் சொல்லும் ஏற்பாடு இல்லாததால் கரைந்துபோனது.

நிலத்துக்கு நேர்ந்ததுதான் பணத்துக்கும் நேர்கிறது என்று நான் நினைக்கிறேன்.

புதுப் பூங்கா கட்டுவதற்குப் பணம் வர வழிகள் உண்டு. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டம் தன் திட்ட ஒதுக்கீட்டில் 2.5 சதவீதம் வரை பூங்காக்களுக்கென்றே ஒதுக்கியது. அதே ஆண்டு பிறந்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்திலும் பூங்காக்கள் அமைந்தன. சென்னைக்கு சிங்காரச் சென்னை 2.0. இவையெல்லாம் மூலதனச் செலவு: பூமிபூஜை உண்டு, திறப்பு விழா உண்டு, செய்திக்குறிப்பு உண்டு. தோட்டக்காரர் கூலி, மோட்டாருக்கு மின்கட்டணம், அறுந்த ஊஞ்சலுக்குச் சங்கிலி, கழிவறைக்கு பினாயில் என்பவை வருவாய்ச் செலவு. மாநகராட்சி தன் சொத்து வரியிலிருந்தும் பிற வரவுகளிலிருந்தும், சம்பளம், ஓய்வூதியம், குப்பை எல்லாம் போக மிஞ்சியதில் பார்த்துக்கொள்ள வேண்டியவை. மின்விளக்குக் கம்பத்துக்குத் திட்ட நிதி கிடைக்கும். எரிந்துபோன பல்பை மாற்ற அது வராது. திறந்த இரண்டே வருஷத்தில் நீரூற்று வறண்டு கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இதைவிடச் சிக்கலான ஒன்று அளப்பதில் இருக்கிறது. மாநகராட்சிப் பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தைப் பலரும் பார்த்திருக்க மாட்டார்கள். சுற்றுச்சுவர் கட்டினால் அதன் நீளம், உயரம், கனம் அதில் ஏறும், மேலதிகாரி சரிபார்ப்பார், அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்கு பில் பாஸ் ஆகும். சந்தேகம் என்றால் யாரும் டேப் எடுத்துப் போய் அளக்கலாம், சுவர் அங்கேயே நிற்கும். பராமரிப்புக்கு அந்த வசதி இல்லை. நேற்று ஊற்றிய தண்ணீரை இன்று அளக்க முடியாது. ஐந்து பேர் பெருக்கினார்களா, இரண்டு பேர் பெருக்கினார்களா என்பதைச் சருகு மறுநாள் வந்து சொல்லாது. ஆகவே பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஒரே சாட்சி அங்கே தினமும் வரும் மனிதர்கள். புல் காய்ந்ததும் சறுக்குமரத்தில் தகரம் பெயர்ந்ததும் அவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தப்படி எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எது பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. சாட்சியிடமிருந்து வழக்கையே மறைத்து வைத்திருக்கிறோம்.

இந்தச் செலவிலிருந்து தப்ப அரசுகள் கண்டுபிடித்த வழி நுழைவுக் கட்டணம். சென்னை கதீட்ரல் சாலையில் தோட்டக்கலைத் துறை 46 கோடி ரூபாயில் அமைத்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபரில் திறந்தபோது பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் வாசலைத் தாண்டவே 300 ரூபாய். பூங்கா அழகானது, சந்தேகமில்லை. ஆனால் ஓட்டு வீட்டிலும் ஒற்றை அறையிலும் வாழும் குடும்பத்துக்குத்தான் பூங்கா முதலில் வேண்டும். மொட்டை மாடி உள்ளவர்களுக்கு அப்புறம். கட்டணத்தை நியாயப்படுத்த வேண்டுமானால், பராமரிப்புக்கு இவ்வளவு, டிக்கெட்டில் வந்தது இவ்வளவு என்று மாதா மாதம் வாசலில் ஒட்டியாவது வைக்கட்டும்.

சென்னையில் கேள்வி கேட்கும் பழக்கம் மழுங்கியதற்கு ஒரு நேரடிக் காரணமும் உண்டு. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச்சில். நடுவே ஐந்து வருஷத்துக்கு மேல் 200 வார்டுகளுக்கும் கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர் ஒருவரே மன்றம், அவரே நிர்வாகம். டெண்டர் வந்தது, பில் போனது. எழுந்து நின்று ஏன் என்று கேட்க நாற்காலிகள் காலி. கவுன்சிலர்கள் வந்த அடுத்த மாதமே தமிழகம் முழுக்கச் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது, சிறிய வீடுகளுக்கு 25 சதவீதத்திலிருந்து சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை. வரியை ஏற்றியவர்களுக்கு, அது எந்தச் செடிக்குப் போனது என்று சொல்லும் கடமையும் ஏறியிருக்கிறது.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் மனு போட்டு நகல் வாங்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் 2(ஜே) பிரிவை ஒருமுறை படியுங்கள். பணி நடக்கும் இடத்தையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியைக்கூடப் பெறலாம். பூங்காவில் பதித்த சிமென்ட் கல் தரமானதா என்ற கேள்விக்கு அந்தக் கல்லையே மாதிரியாகக் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பராமரிப்பு ஒப்பந்த நகல், கடைசி மூன்று மாத பில்கள், ஆள் வருகைப் பதிவேடு ஆகிய மூன்றை மட்டும் கேட்டால் போதும். வருகைப் பதிவேட்டில் ஐந்து கையெழுத்தும் பூங்காவில் இரண்டு ஆளும் இருந்தால் மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

தனி மனிதர் மனுப் போட்டு அலைவதைவிடக் கூட்டமாகக் கேட்பது நல்லது. கிராமத்துக்காரருக்கு அந்த மேடை முன்பே உண்டு. கிராம சபையில் எழுந்து ஊராட்சி வரவு செலவைக் கேட்கலாம். நகரத்தில் வார்டுக்குள் பகுதி சபை என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது 2022 நவம்பர் 1ஆம் தேதிதான், முதல்வர் மு.க.ஸ்டாலின் அன்று தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் கலந்துகொண்டார். தங்கள் வார்டில் பகுதி சபை என்றைக்கு நடக்கிறது என்பதே தெரியாதவர்கள் ஏராளம். அறிவிப்பு ஒட்டப் பூங்கா வாசலைவிடப் பொருத்தமான சுவர் எது?

கேட்டால் கிடைக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. பெங்களூர் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். உனக்கு இதில் என்ன உரிமை என்ற கேள்வி அவர்கள் முன் வைக்கப்பட்டது. 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு ரத்தானதை உறுதி செய்ததோடு, அந்தப் பகுதியில் வாழ்பவருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்றும் ஏற்றது. பூங்கா விஷயத்தில் பாதிக்கப்பட்டவர் என்பதற்கு அங்கே குடியிருப்பதே போதுமான தகுதி.

சென்னையில் இதற்கு இணையான வேலை ஓ.எஸ்.ஆர். நிலங்களில் காத்திருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டடம் எழுப்புகிறவர் பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு அது பொது நிலம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்வாசலில் பூட்டிய கேட்டுக்குள் புதர் மண்டிக் கிடந்தாலும் பொது நிலம்தான். உங்கள் வார்டில் அப்படி எத்தனை பத்திரங்கள் பதிவாகியுள்ளன, எத்தனை இடங்களில் ஊஞ்சல் ஆடுகிறது? அடுத்த பகுதி சபையில் இந்தக் கேள்வியை எழுப்பி, பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, கையெழுத்தாகும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.